இருட்டறையிலிருந்து வேப்பேரிக்கு

தென்பெருவழி: வரலாற்றுத் தொடர் - 7

போன வாரம் உங்களைப் பரங்கிமலை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் போனேன். சென்னைக் கோட்டைக்கே கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட், தன்னுடைய கவுன்சில்காரர்களாலேயே 1776 ஆகஸ்ட் 24 அன்று கைதாகி, மலையடிவாரத்தில் காவலில் இருந்தார். அவர் செய்த குற்றம் ஒன்றுதான். ஆற்காட்டு நவாப் முகமது அலி பறித்துக்கொண்ட தஞ்சாவூரை, அதன் மன்னர் துளஜாவுக்கே அந்த ஆண்டு ஏப்ரலில் திருப்பிக் கொடுத்தார். நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த வெள்ளைக்காரர்கள் காவிரிக் கரையின் நெல் விளைச்சலை நம்பித்தான் பணம் போட்டிருந்தார்கள். அந்த நெல் கைவிட்டுப் போனதை அவர்களால் தாங்க முடியவில்லை.

பிகாட் தப்பித்தாரா என்று கேட்டு முடித்திருந்தேன். தப்பிக்கவில்லை. 1777 மே 11 அன்று, காவல் நீங்காமலே இறந்துபோனார்.

அதே 1777-ல், செப்டம்பர் 24 அன்று, தஞ்சை போன்ஸ்லே குலத்தின் கிளைக் குடும்பம் ஒன்றில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிகாட் எந்த ராஜ்யத்துக்காக வீழ்ந்தாரோ அதே ராஜ்யத்தின் பெயரால் அந்தப் பிள்ளை சிறைப்பட்டு, ஊரைவிட்டு வெளியேறி, நம் சென்னைக்கு மாணவனாக வந்து சேர்ந்தான். இந்த வாரம் அவன் கதை.

மடியில் வைத்துக் கொடுத்த பிள்ளை

1787-ஆம் ஆண்டின் தொடக்கம். தஞ்சை அரண்மனையில் துளஜா மகாராஜா நோயாளி. வாரிசு இல்லை. போன்ஸ்லே குலத்திலேயே ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்தார். பெயர் சரபோஜி. வயது ஒன்பது.

பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி வந்தபோது மன்னர் நினைத்தது ஓர் அந்நியரை. கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ். ஜெர்மனியில் பிறந்து 1750-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனரி. தஞ்சை மக்கள் வாயில் 'ஸ்வார்ட்ஸ் ஐயர்'. தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் பேசுவார். 1779-ல் ஆங்கிலேயர் ஹைதர் அலியிடம் தூது அனுப்பத் தேடிப் பிடித்த ஆள் இவர்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் எவரையும் நம்பாத ஹைதரே இவருடைய வார்த்தையை நம்பினார் என்றால் மனிதர் எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொள்ளலாம்.

துளஜா அந்தப் பிள்ளையை ஸ்வார்ட்ஸின் பொறுப்பில் விட விரும்பினார். ஸ்வார்ட்ஸ் தயங்கினார். அரண்மனை அரசியலில் ஒரு பாதிரியார் தனியாகப் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும். மன்னரின் மாற்றாந்தாய்த் தம்பி அமர்சிங் பிள்ளைக்குக் காப்பாளராக இருந்து ஆளட்டும் என்று யோசனை சொன்னார். நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். வாழ்நாளில் அவர் மிகவும் வருந்திய யோசனையும் அதுவாகவே இருந்திருக்கும்.

மன்னர் கண்ணை மூடினார். காப்பாளரான அமர்சிங், சுவீகாரமே செல்லாது என்று கிளம்பினார். மூன்று காரணங்கள் முன்வைக்கப்பட்டன. சுவீகாரம் எடுத்தபோது மன்னர் தெளிந்த மனநிலையில் இல்லை. பிள்ளைக்குத் தத்தெடுக்கும் வயது கடந்துவிட்டது. பெற்றோருக்கு அவன் ஒரே மகன். ஒரே மகனைத் தத்துக் கொடுக்க சாஸ்திரம் இடம் தராது.

சென்னை கவர்னர் ஆர்ச்சிபால்ட் கேம்பல் தஞ்சைக்கே வந்தார். பண்டிதர்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்டார். பண்டிதர்கள் அமர்சிங் பக்கம் சாய்ந்தார்கள். அமர்சிங் சிம்மாசனம் ஏறினார்.

அப்படியானால் மன்னரின் மடியில் அமர்ந்து சுவீகாரம் ஆன அந்த ஒன்பது வயதுப் பிள்ளை? ஆளும் மன்னருக்குப் போட்டியாக உயிரோடு இருக்கும் ஒரு பையனுக்கு அரண்மனையில் என்ன இடம் கிடைக்கும்?

படிப்பில்லாத சிறை

கிடைத்தது அடைத்த கதவுகளுக்குள் ஓர் இடம். வெளியே நடமாட்டம் இல்லை. இதையெல்லாம்விட ஸ்வார்ட்ஸை உறுத்திய விஷயம் வேறு. பிள்ளைக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

பழைய ராஜ்யங்களில் போட்டி வாரிசைக் கண்ணைப் பிடுங்கியோ விஷம் வைத்தோ தீர்த்துக்கட்டிய கதைகளைப் படித்திருக்கிறோம். பிள்ளையை எழுத்தறிவில்லாமல் வளரவிடுவது ரத்தம் சிந்தாத வழி. நாளைக்கே உரிமை கேட்டு வந்து நின்றாலும், மனு எழுதத் தெரியாதவன், கணக்குப் பார்க்கத் தெரியாதவன், சபையில் நாலு வார்த்தை கோர்த்துப் பேசத் தெரியாதவன் என்று தள்ளிவிடலாம். ஒரு பிள்ளையின் கையில் ஏடும் எழுத்தாணியும் கிடைக்காமல் செய்வதும் அவனைக் கொல்வதில் ஒரு வகைதான். அரண்மனையில் நடந்தாலும் குடிசையில் நடந்தாலும் அது கொலைதான்.

ஸ்வார்ட்ஸ் எழுதினார். சென்னைக் கோட்டைக்கு எழுதினார். வங்காளத்துக்கும் விஷயம் போனது. பிள்ளையின் பாதுகாப்புக்குச் சிப்பாய்க் காவல் போடவேண்டிய நிலை வந்தது. அதற்குப் பிறகும் துளஜாவின் விதவை ராணிகளுக்கும் பிள்ளைக்கும் அரண்மனையில் நிம்மதி இல்லை. ஆறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

கடைசியில் கம்பெனி அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. பிள்ளை தஞ்சையில் இருக்கக்கூடாது; சென்னைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 1793-ல் பதினைந்து வயது சரபோஜியும் ராணிகளும் சென்னைக்குப் புறப்பட்டார்கள். ஸ்வார்ட்ஸும் உடன் வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

இன்றைக்குத் தஞ்சையில் இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் தாம்பரம். அன்றைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பல்லக்கும் குதிரையும் மாட்டுவண்டியும்தான். அரண்மனைப் பெண்கள் என்றால் மூடுபல்லக்கு. வழியெல்லாம் ஆறுகள், பாலம் கிடையாது. இரவு தங்கச் சத்திரம்.

தெற்கே இருந்து சென்னைக்கு வரும் பெருவழியை இந்தத் தொடரில் ஆறு வாரமாக நடந்துகொண்டிருக்கிறோம். செங்கல்பட்டு ஏரிக்கரை, வண்டலூர் குன்று, தாம்பரம், பல்லாவரம், பிறகு பரங்கிமலை. அங்கிருந்து அடையாற்றின்மேல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தன் கைக்காசில் கட்டிக்கொடுத்த மர்மலாங் பாலம். அதைத் தாண்டினால் சைதாப்பேட்டை, பட்டணம்.

பட்டணத்தில் அந்தப் பையனுக்குக் காத்திருந்தது பள்ளிக்கூடமா, இன்னொரு சிறையா?

நகரமே ஒரு பள்ளிக்கூடம்

சரபோஜியின் படிப்பு கிறிஸ்டியன் வில்ஹெல்ம் கெரிக்கே என்பவர் கைக்கு வந்தது. ஸ்வார்ட்ஸின் தோழர், வேப்பேரி மிஷனின் தலைவர். வேப்பேரி என்றால் அந்தக் காலத்தில் அச்சகத்துக்குப் பெயர் போன இடம். 1761-ல் பாண்டிச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சு யந்திரம் இங்கேதான் வந்து சேர்ந்தது. பப்ரிசியஸ் ஐயரின் தமிழ்-ஆங்கில அகராதி 1779-ல் அச்சேறியதும் இங்கேதான்.

ஆறு ஆண்டு படிப்பில்லாமல் வாடிய பையன், மழை கண்ட வயல்போல ஆனான். ஆங்கிலம் படித்தான். கணக்கு, பூகோளம், வரலாறு என்று ஒவ்வொன்றாக வந்தது. மதம் மாற்ற வேண்டும் என்ற ஆசை ஆசிரியர்களுக்கு இருந்திருக்கலாம், மாணவன் மாறவில்லை. கடைசிவரை சிவபக்தனாகவே இருந்தான். ஆசிரியர்களிடம் வைத்த அன்பும் குறையவில்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியும் என்பதைப் பதினாறு வயதிலேயே அவன் கற்றுக்கொண்டான்.

அவன் சென்னையில் இருந்த ஆண்டுகளில் இந்த நகரத்தில் என்னென்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு நடக்கும் இடத்தில் இன்றும் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் மைக்கேல் டாப்பிங் முயற்சியில் எழுந்த வானாய்வு நிலையத்தின் தூண் அது. தமிழிலும் தெலுங்கிலும் அதில் எழுதி வைத்தார்கள். 1794-ல் அதே டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து, 1920-ல் நம் பக்கம் குடிபெயர்ந்து, கிண்டி பொறியியல் கல்லூரி என்று நிற்கிறது. சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். எழும்பூர் அநாதைப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்து, அதையே தன் பள்ளியில் நடத்திக்கொண்டிருந்தார். 1797-ல் அவர் எழுதிய அறிக்கை லண்டனில் அச்சாகி, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது.

வானம், நிலம், செடி, பள்ளி, அச்சு. பின்னாளில் சரபோஜி மன்னர் தஞ்சையில் எதையெதைக் கட்டினாரோ, அவற்றின் பெயர்ப்பட்டியல் இதுவேதான். 1805-ல் அவர் அரண்மனையில் நவவித்யா கலாநிதி என்ற அச்சகம் ஓடியது. அங்கே தேவநாகரி எழுத்தில் நூல்கள் அச்சாயின. தன்வந்திரி மகால் மருத்துவமனையில் நோயாளியின் கண்ணைப் படமாக வரைந்து, நோயும் மருந்தும் குறித்து வைத்தார்கள். சரஸ்வதி மகால் நூலகத்துக்கு ஐரோப்பிய நூல்களை ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். பலவற்றில் அவருடைய கையெழுத்து இன்றும் இருக்கிறது. 1826-ல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், இந்த மன்னர் லவாய்சியரையும் லின்னேயஸையும் பஃபோனையும் எடுத்துப் பேசுவதைக் கேட்டு வியந்து எழுதிவைத்திருக்கிறார்.

புத்தகம் மறுக்கப்பட்ட பையன்தான் வளர்ந்து இந்தியாவின் மகத்தான நூலகங்களில் ஒன்றை வளர்த்தான்.

ஆனால் 1793-ல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அப்போது அவன் நாடில்லாத ஒரு மாணவன். தஞ்சையில் அமர்சிங் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. திரும்பிப் போக முடியுமா என்பதே கேள்வி. இப்படிப் படிக்கப் போன இடத்திலிருந்து திரும்பியபோது நாடே இல்லாமல்போன பிள்ளைகளும் உலகத்தில் உண்டு.

நூறு ஆண்டு கழித்து, இன்னொரு கடலில்

சரபோஜி சென்னைக்கு வந்தது 1793. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1893-ல், பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளின் இளவரசி கைஉலானி இங்கிலாந்தில் மாணவி. பதின்மூன்று வயதில் 1889-ல் கப்பலேறியவள். நார்த்தாம்ப்டன்ஷயரில் கிரேட் ஹாரோடன் ஹால் என்ற பள்ளியில் சேர்ந்தாள். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே 1891-ல் அவளுடைய பெரியம்மாவான லிலியுஒகலானி அரியணை ஏறி, இவளைப் பட்டத்து இளவரசியாக அறிவித்தார்.

1893 ஜனவரி 17 அன்று கரும்புத் தோட்ட முதலாளிகளின் கூட்டம், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, ராணியை அரியணையிலிருந்து இறக்கியது. செய்தி இங்கிலாந்துக்கு எட்டியதும் பதினேழு வயதுப் பெண் படிப்பை அப்படியே வைத்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினாள். நியூயார்க்கில் இறங்கி, தன் மக்களுக்காக நியாயம் கேட்டுப் பேசினாள். வாஷிங்டனில் ஜனாதிபதி கிளீவ்லாந்தைச் சந்தித்தாள். அவரும் மரியாதையோடு வரவேற்றார். அந்தத் தீவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. 1898-ல் அமெரிக்கா ஹவாயைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1899 மார்ச் 6 அன்று, இருபத்துமூன்று வயதில், கைஉலானி இறந்துபோனாள்.

கரும்புக்காக ஹவாய், நெல்லுக்காகத் தஞ்சை. இரண்டு இடத்திலும் கடன் கொடுத்தவனும் தோட்டக்காரனும் வணிகக் கம்பெனியும் நாட்டைத் தின்ன வந்தார்கள். கைஉலானிக்காக வாதாட அமெரிக்காவிலும் நல்ல மனிதர்கள் இருந்தார்கள், வெல்ல முடியவில்லை. சரபோஜிக்காக வாதாட ஒரு கிழட்டு ஜெர்மன் பாதிரியார் இருந்தார். அவர் கையில் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? தர்மசாஸ்திரம்.

பாதிரியார் நடத்திய சாஸ்திர வழக்கு

சுவீகாரம் செல்லாது என்று சொன்ன பண்டிதர்கள் எந்த நூலைக் காட்டிச் சொன்னார்கள், அந்த நூலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஸ்வார்ட்ஸ் தேடத் தொடங்கினார். 1787-ல் தஞ்சையில் வந்த அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் பணம் விளையாடியிருக்கிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. விஷயம் மறுபடி சென்னைக்குப் போனது. சென்னையிலிருந்து வங்காளத்துக்கு, கவர்னர் ஜெனரல் ஜான் ஷோரிடம் போனது. அங்கே வேறு பண்டிதர்களிடம், காசிப் பண்டிதர்களிடமும், அபிப்பிராயம் கேட்கப்பட்டது. சுவீகாரம் செல்லும் என்று பதில் வந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கம்பெனி இந்த வழக்கைத் தர்மத்துக்காக மட்டும் கேட்கவில்லை. அமர்சிங்கிடமிருந்து வரவேண்டிய பணம் ஒழுங்காக வரவில்லை, நிர்வாகமும் சீர்கெட்டிருந்தது. தன் பாதுகாப்பில் வளர்ந்த ஓர் இளைஞன் சிம்மாசனத்தில் இருந்தால் தனக்கு வசதி என்பதைக் கோட்டையில் இருந்தவர்கள் நன்றாகக் கணக்குப் போட்டார்கள். ஸ்வார்ட்ஸின் நியாயமும் கம்பெனியின் ஆதாயமும் ஒரே திசையில் போனதால்தான் வழக்கு ஜெயித்தது. அது எவ்வளவு ஆபத்தான துணை என்று பிறகுதான் தெரிந்தது.

சரபோஜி தஞ்சைக்குத் திரும்பினார். ஆனால் பட்டாபிஷேகத்தைப் பார்க்க ஆசிரியருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1797-ன் கடைசியில் ஸ்வார்ட்ஸ் படுத்தபடுக்கையானார். மாணவர் வந்து பார்த்தார். 1798 பிப்ரவரி 13 அன்று ஸ்வார்ட்ஸ் இறந்தார். பெட்டியை மூடும் முன் ஓடிவந்த சரபோஜி, சபை பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதார். அரச குலத்தவர் சாவு வீட்டில் இப்படி நிற்பது வழக்கமில்லை என்று சொல்லியும் இருப்பார்கள். அவர் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, 1798 ஜூன் 29 அன்று, இருபது வயதில் சரபோஜி தஞ்சையின் மன்னரானார். அமர்சிங் மானியம் பெற்றுக்கொண்டு திருவிடைமருதூருக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆசிரியரின் கல்லறைக்கு மன்னரே ஆங்கிலத்தில் பாட்டு எழுதினார். சென்னையில் கற்ற ஆங்கிலம். லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் சலவைக்கல்லில் ஒரு சிற்பம் செய்வித்தார். படுக்கையில் ஸ்வார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி குனிந்து நிற்கும் மன்னர். தஞ்சை சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம்.

ஜூன் மாதம் விடியற்காலையில் தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள் பெட்டியும் பக்கெட்டுமாக இறங்கும். 1937-ல் கிறித்தவக் கல்லூரி பாரிமுனையை விட்டு இங்கே வந்தது முதல் இந்தக் காட்சி ஓயவில்லை. பெருங்களத்தூரிலும் கிளாம்பாக்கத்திலும் பேருந்தைவிட்டு இறங்கும் பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. அதில் எத்தனை பிள்ளைகளுக்கு ஊரில் ஒரு கதவு அடைபட்டிருக்கிறதோ, எத்தனை பேருக்கு ஸ்வார்ட்ஸ் போல ஓர் ஆசிரியர் மனு எழுதி அலைந்தாரோ. அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு வழி காட்டவோ, ஒரு வேளைச் சோறு போடவோ, ஒரு புத்தகம் கொடுக்கவோ உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். யார் கையில் எந்த நூலகம் உறங்குகிறது என்று இறங்கும்போது தெரியாது.

சரபோஜி அரியணையில் நிம்மதியாக உட்கார்ந்தது ஓராண்டுதான். 1799 அக்டோபர் 25 அன்று கம்பெனி அவர் முன்னால் ஓர் உடன்படிக்கையை நீட்டியது. பிகாட் உயிரை விட்டு மீட்டுக் கொடுத்த ராஜ்யம், ஸ்வார்ட்ஸ் சாகும்வரை வாதாடிப் பெற்றுத்தந்த சிம்மாசனம், எல்லாம் அந்த ஒரு காகிதத்துக்குள் இருந்தது. அதன் ஒவ்வொரு சொல்லையும் தானே படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் மன்னருக்குத் தெரியும்.

படித்தார். கையெழுத்துப் போட்டார்.

ஏன்?

(தொடரும்)